மண் ஏறிய வீடு: தாழ்ந்த தரையில் ஓதத்தைச் சமாளிப்பது

கெடாவில் நிலவறை வைத்து வீடு கட்டும் வழக்கம் கிடையாது. அலோர் ஸ்டாரைச் சுற்றியுள்ள களிமண் சமவெளியில் கொஞ்சம் தோண்டினாலே குழியில் தண்ணீர் நிற்கும். 1885இல் கெடா சுல்தானின் அமைச்சர் வான் முகமட் சமான் ஜெராய் மலையடிவாரத்தை நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய், அந்தச் சதுப்பை வடியவைத்து வயலாக்கத்தான். அப்படிப்பட்ட மண்ணில் யார் அறை தோண்டுவார்கள்? ஆனாலும் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ் பக்கத்துப் பழைய கடைவீட்டு வரிசைகளில் நடந்து பாருங்கள். ரோட்டிலிருந்து அஞ்சடி நடைபாதைக்கு ஒரு படி இறங்கி, அஞ்சடியிலிருந்து கூடத்துக்கு இன்னொரு படி இறங்கிப் போகிற வீடுகள் கண்ணில் படும். கட்டிய காலத்தில் படி ஏறித்தான் உள்ளே போயிருப்பார்கள். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே வந்ததில், வீடு நின்ற இடத்தில் நின்றபடியே நிலத்துக்குள் போய்விட்டது.

தோட்டத்து வீடுகள் வேறு வகையில் மண்ணுக்குள் போகின்றன. கூலிம், பாலிங் பக்கத்து மேட்டுநிலத் தோட்டங்களில் குன்றுச் சரிவை வெட்டிச் சமப்படுத்தி லயங்களையும் கிராணி வீடுகளையும் எழுப்பினார்கள். முன்வாசல் வெளிச்சமாக இருக்கும். பின்சுவருக்கு இரண்டு மூன்றடி தள்ளி மண்கரை நிற்கும். ஒவ்வொரு மழைக்கும் கரை கொஞ்சம் இறங்கிவரும். வாரி எடுக்க ஆளில்லாமல் போனதும் அந்த மண் பின்சுவரில் சாய்ந்து, ஜன்னலுக்குக் கீழே வரை ஏறிவிடும். அதன்மேல் யாரோ வாழையும் நட்டிருப்பார்கள்.

மூன்றாவது வகையை நாமே செய்துகொள்கிறோம். கொல்லையில் புல் வெட்டச் சலித்துப்போய் நாலங்குலத்துக்குச் சிமெண்டு போடுகிறோம். சில ஆண்டுகள் கழித்து அது வெடித்ததும் அதன்மேல் இன்னொரு நாலங்குலம். பக்கத்து மனைக்காரர் லாரி மண் கொட்டித் தன் இடத்தை உயர்த்திக்கொள்கிறார். இப்போது அவர் வீட்டு மழையும் நம் வீட்டுக்குத்தான்.

இந்த அத்தியாயம் இப்படிப்பட்ட வீடுகளுக்கானது. நான் சொல்லப்போகும் வேலைகளில் முதல் பாதி முழுவதும் வீட்டுக்கு வெளியே நடப்பவை. ஓதம் பிடித்த வீட்டில் முதல் செலவு மண்வெட்டிக்கு, கடைசிச் செலவு சாயத்துக்கு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, தீபாவளிக்குத் தீபாவளி அதே சுவருக்கு அதே சாயத்தை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தத் தண்ணீர்?

சுவரில் ஈரம் தெரிந்தவுடன் “கீழேயிருந்து ஏறுது” என்று சொல்லிவிடுகிறோம். அவசரப்பட வேண்டாம். தாழ்ந்த வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் வருகிற வழிகள் ஐந்து: கூரையும் மழைநீர்த் தாரையும் ஒழுகி மேலேயிருந்து, உயர்ந்த மண் அல்லது ரோட்டின் வழியாகப் பக்கவாட்டில், அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி, உடைந்த குழாயிலிருந்து, கடைசியாக, காற்றிலிருந்து. பல வீடுகளில் இரண்டு மூன்று சேர்ந்தே வரும். எது எவ்வளவு என்று தெரியாமல் செய்கிற வேலையில் பாதி வீண்.

குழாயை முதலில் தள்ளிவிடலாம், ஏனென்றால் அதுதான் சுலபம். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிவறைத் தொட்டிக்குப் போகிற வால்வையும் மூட மறக்கக்கூடாது. காலையில் எண் நகர்ந்திருந்தால் மண்ணுக்குள் எங்கோ கசிகிறது. பழைய வீடுகளில் இரும்புக் குழாய் தரைக்கடியில் ஓடும்; துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால் ஆண்டு முழுக்க ஒரே அளவில் ஈரம் இருக்கும். வெயில் காலத்திலும் குறையாத ஈரத்தைக் கண்டால் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது பென்சில். ஈரக்கறையின் மேல்விளிம்பை ஒட்டிச் சுவரிலேயே கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். கெடாவில் ஆண்டின் தொடக்கத்து மாதங்கள் வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெருமழை. கோடு மழையோடு ஏறி வெயிலோடு இறங்கினால் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. ஒரு பெருமழை பெய்த ஓரிரு நாளில் ஏறினால் தாரையையோ சாக்கடையையோ பாருங்கள். மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் மண்ணிலிருந்து. தரையிலிருந்து மூன்றடி வரைக்கும் சீராக ஒரு கறை ஓடி, அதன் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது அடியிலிருந்து ஏறுகிற ஓதம். ஒரு மூலையில் மட்டும் திட்டுத்திட்டாக இருந்தால் பெரும்பாலும் அது இல்லை.

காற்றின் ஈரத்தைப் பிரித்தறிய அலுமினியத் தாள் போதும். கறை உள்ள இடத்தில் ஒரு முழச் சதுரத்துக்குத் தாளை வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் முத்துமுத்தாக நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவரின் ஈரம். ஈரச் சுவரில் டேப் ஒட்டாது என்பார்கள்; சுரண்டித் துடைத்துவிட்டு ஒட்டினால் ஒட்டும்.

இரண்டு ஊசியைச் சுவரில் குத்தி எண் காட்டுகிற கருவியோடு சிலர் வருவார்கள். மரத்துக்கு அது நல்ல கருவி. உப்பேறிய செங்கல் சுவரில் அது உப்பையும் ஈரமாகவே காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள்.

கூரைத் தண்ணீர்

ஒரு சின்னக் கணக்கு. இருபதுக்கு நாற்பதடி வீட்டின் கூரை ஏறக்குறைய 74 சதுர மீட்டர். ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் (இங்கே அது அரிய மழை இல்லை) அந்தக் கூரையிலிருந்து 3,700 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. 200 லிட்டர் பீப்பாயில் பதினெட்டுக்கு மேல். தாரை அடைத்திருந்தால் இத்தனையும் சுவரடியில் கொட்டுகிறது. ஒவ்வொரு மழைக்கும் சுவரடியில் பதினெட்டுப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே எந்த மருந்தைப் பூசினாலும் அது நிற்காது.

ஆகவே மழை வலுக்கும்போது குடையோடு வெளியே போய் நில்லுங்கள். தாரை எங்கே வழிகிறது, இறக்குக்குழாயின் வாய் எங்கே திறக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் வருகிற குத்தகைக்காரருக்கு இந்தப் படங்கள்தான் சாட்சி. தாரையில் கிடக்கிற இலையை வாரினாலே சில வீடுகளில் பாதி ஓதம் அடங்கிவிடும். தாரையில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் சுகாதார அதிகாரிகளின் அபராதத்துக்கும் அது வழி.

லயத்து வீடுகளின் பழைய கூரைத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் அதைத் துளையிடவோ, உடைக்கவோ, காய்ந்த நிலையில் தேய்த்துக் கழுவவோ கூடாது. தாரையைச் சுவரில் மாட்டுங்கள். தகட்டில் ஆணி இறக்க வேண்டாம்.

டியூப் மட்டம்

தாழ்ந்த வீட்டின் தலைவிதியை முடிவு செய்வது ஒரே கேள்வி: உங்கள் தரையைவிடப் பொதுச் சாக்கடையின் அடிமட்டம் தாழ்வாக இருக்கிறதா? தாழ்வாக இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். உயர்வாக இருந்தால் பம்பு வேண்டும். லட்சணமான திட்டங்கள் எல்லாம் இதைப் பார்க்காததால் பாழாகியிருக்கின்றன.

அளப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் மட்டம் போதும். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கூடத்திலும் மறுமுனையைச் சாக்கடை ஓரத்திலும் பிடித்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு எவ்வளவு, ரோட்டுக்கு எவ்வளவு, சாக்கடையின் அடிக்கு எவ்வளவு, கொல்லை மண்ணுக்கு எவ்வளவு என்று நாலு அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாளைப் பார்க்காமல் விலை சொல்கிற குத்தகைக்காரரை நான் வேலைக்கு எடுக்கமாட்டேன்.

மண்ணை இறக்குவது

வெளிநிலம் உள்தரையைவிட ஆறங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து விலகிப் போகப்போகச் சரிந்திருக்க வேண்டும். பத்தடிக்கு ஆறங்குலச் சரிவு என்பது நல்ல கணக்கு. கொல்லையில் மண்தான் என்றால் வாரி எடுத்துவிடலாம். சிமெண்டு என்றால் சுவரை ஒட்டி ஒன்றரையடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, அந்த இடத்தைத் திறந்த வாய்க்காலாக விட்டுவிடுங்கள். மூடாத வாய்க்காலுக்கு இரண்டு நன்மை: சுவரின் அடி காற்றில் காயும், அடைத்தால் கண்ணுக்குத் தெரியும். அழகுக்காக அதன்மேல் கல் பரப்பி மூடாதீர்கள்.

மண்கரை சாய்ந்த தோட்டத்து வீட்டில் இதே வேலை பெரிதாகும். பின்சுவரில் சாய்ந்த மண்ணை முழுவதும் எடுத்து, சுவருக்கும் கரைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி விட வேண்டும். கரையின் உச்சியில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினால் குன்றுத் தண்ணீர் வீட்டை அடையும் முன்னரே பக்கவாட்டில் போய்விடும். செலவு குறைவு, பலன் மிகுதி. ஆனாலும் இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. கரையில் வளைந்த பிளவு, சாய்ந்த மரங்கள், தாங்குசுவரில் வயிறு தள்ளல் ஏதாவது தெரிந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். 2021 ஆகஸ்டு 18இல் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பக்கங்களில் மரத்தையும் பாறையையும் சேறோடு கொண்டுவந்தது. 2022 ஜூலை 4இல் பாலிங் வட்டாரத்தில் நடந்ததும் அதுபோன்ற கொடுமை. மலையடி வீட்டில் ஓதத்துக்கு முன்னால் உயிரைப் பார்க்க வேண்டும்.

மண்ணை இறக்க முடியாத இடத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளிக் குழி வெட்டி, துளையிட்ட குழாயைப் பதித்துச் சல்லியால் மூட வேண்டும். குழாய்க்கு நூறுக்கு ஒன்று சரிவு போதும்: பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். சல்லியைச் சுற்றிலும் வடிதுணி சுற்றாவிட்டால் நம் களிமண் சில மழைக்காலத்திலேயே அதை அடைத்துவிடும். மழைக்குழாயை இதனோடு இணைக்கக்கூடாது. கூரைத் தண்ணீருக்குத் தனி வழி.

ஓர் எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடங்களின் அடித்தளம் நாம் நினைப்பதைவிட மேலோட்டமானது. நீளவாக்கில் ஒரே மூச்சாகச் சுவரடியைத் தோண்டினால் சுவர் இறங்கும். ஒரு மீட்டர் தோண்டி முடித்து மூடிவிட்டு, இடைவெளி விட்டு அடுத்த மீட்டர். அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் செய்யுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் அவரிடம் சொல்லாமல் கடப்பாரையை எடுக்காதீர்கள்.

பம்புதான் வழி என்றால்: இரண்டடிச் சதுரக் குழி, மிதவையோடு கூடிய பம்பு, வெளியே தள்ளிய தண்ணீர் திரும்பி வராத வால்வு, கொசு நுழையாத மூடி. மின்சாரம் போவதும் பெருமழை வருவதும் ஒரே நேரத்தில்தான் என்பதால் பேட்டரித் துணை இல்லாத பம்பைப் பாதிப் பம்பு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.

கடைவீட்டின் முன்பக்கம் நம் கையில் இல்லை. ரோடும் சாக்கடையும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அஞ்சடியை மூடுவதற்கும் உயர்த்துவதற்கும் 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் குறுக்கே நிற்கும். செய்யக்கூடியது ஒன்று உண்டு. வரிசையிலுள்ள எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து, மட்டம் அளந்த தாளையும் மழைநாள் படங்களையும் இணைத்து, அடுத்த முறை தார் போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடும்படி எழுதிக் கேளுங்கள். ஒருவர் கடிதத்தைவிடப் பத்துக் கதவு எண் உள்ள கடிதம் வேகமாக நகரும்.

சுவர் மூச்சுவிட வேண்டும்

இப்போது உள்ளே வரலாம். போருக்கு முன் கட்டிய செங்கல் வீடுகளில் கலவையும் பூச்சும் சுண்ணாம்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகளில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வழியெல்லாம் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். ஏறுவதும் உலர்வதும் சமமாகிற இடத்தில் ஈரம் நின்றுவிடும். பழைய வீட்டில் முழங்கால் உயரத்தோடு கறை நின்றிருந்தால் அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

பிறகு ஒருவர் வருகிறார். “அண்ணே, சிமெண்டு பூசி வாட்டர்புரூப் அடிச்சிட்டா இருபது வருசத்துக்குக் கவலையில்ல” என்கிறார். சிமெண்டு உலரும் வழியை அடைக்கிறது. ஈரம் போக இடமில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் மேலே ஏறி, முழங்காலில் நின்றது மார்புக்கு வந்து, பூச்சு முடிகிற இடத்தில் வெளியே தலைகாட்டுகிறது. அங்கே உப்பு படிகமாகி விரிந்து செங்கல்லின் முகத்தையே பொடியாக்கிவிடும். 2008இல் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைச் சீரமைப்பவர்கள் சிமெண்டுப் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்புவது இதனால்தான். கடலுக்கு இந்தப் பக்கம் நமக்கும் அதே செங்கல், அதே உப்பு.

உரிப்பதென்றால் கறையின் உச்சிக்கு மேலே ஒன்றரையடி வரை உரியுங்கள். மின்சுத்தியல் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும், செங்கல் மென்மையானது. பொடிந்த மூட்டுக் கலவையைச் சுரண்டி எடுங்கள். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கீழே விரித்த தாளில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உப்பு மிகுந்த சுவருக்குக் களிமண்ணும் காகிதக் கூழும் நல்ல தண்ணீரில் பிசைந்து அப்பி, காய்ந்து தானாகப் பிரிந்ததும் எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் குறையும். இந்த உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: மழையே இல்லாத புழுக்க நாளிலும் காற்றின் ஈரத்தை இழுத்துச் சுவரைக் கறுப்பாக்கும். வெளிவேலை எல்லாம் சரியாகச் செய்த பிறகும் திட்டு மறையவில்லை என்று வருந்துபவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

உரித்த சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். இதுதான் எவராலும் பொறுக்க முடியாத கட்டம். சுவரின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது குளிர்நாட்டுக் கட்டடக்காரர்களின் பழைய கணக்கு; ஒன்பதங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். நம் காற்று ஈரமானது, அதைவிட வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். கல்யாண வீடு என்றால் துணித்திரை கட்டி மறைத்துக்கொள்ளுங்கள். பூச்சு மட்டும் வேண்டாம்.

காய்ந்த பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். கடல்மணல் கூடாது, அது உப்பைக் காசு கொடுத்து வாங்குவது. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கும் சில நாள் மெதுவாக இறுகும்படி ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை, ஐந்தாறு மெல்லிய பூச்சு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும், ஆகையால் கண்ணாடி இல்லாமல் யாரும் கிட்டப் போகக்கூடாது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் சாயத்தை இந்தச் சுவரில் அடித்தால் இத்தனை மாத உழைப்பும் ஒரு வாரத்தில் வீண்.

சுவரடியில் துளையிட்டு நீர் ஒட்டாத கிரீமைச் செலுத்தும் சிகிச்சையைப் பலர் விற்கிறார்கள். அடியிலிருந்து மட்டும் ஏறுகிற ஓதத்துக்கு அது உதவலாம். ஆனால் அந்தத் தடுப்பு வெளிமண்ணுக்கு ஆறங்குலம் மேலே இருந்தால்தான் பயன். மண்ணுக்குள் போன வீட்டில் மண் தடுப்புக்கு மேலேயும் சுவரைத் தொடுகிறதே? மண்ணை இறக்காமல் கிரீம் செலுத்தச் சொல்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

சிமெண்டுக் கல்லில் கட்டிய பிந்திய கால லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு விதி அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே மண்ணைத் தாங்கி நிற்கிற சுவருக்கு உள்ளிருந்து நீர்த்தடைச் சாந்து பூசலாம். தண்ணீரின் அழுத்தம் குறைந்த பிறகுதான், அதாவது வடிகால் வேலை முடிந்த பிறகுதான். ஈரச்சுவரை மறைத்துப் பிளைவுட் பலகை அடிப்பது கறையானுக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

தரை

பழைய வீட்டில் மண்ணைத் தட்டி அதன்மேல் இரண்டங்குலச் சிமெண்டு பூசியிருப்பார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பின் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். கீழே கறுத்து நாறினால் தரை வழியாக ஈரம் வருகிறது. சரியான வழி, தரையைத் தோண்டி நாலங்குலச் சல்லி, மேலே மணல், அதன்மேல் கால் மில்லிமீட்டர் கனமுள்ள பாலித்தீன், அதன்மேல் நாலங்குலக் கான்கிரீட். தாள்கள் ஓரடியாவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். ஆனால் நினைவில் வையுங்கள்: தரை வழியாக உலர்ந்துகொண்டிருந்த ஈரம் இனிச் சுவரைத் தேடும். சுவர் வேலை முடியாமல் தரையை அடைக்காதீர்கள்.

தரையை இரண்டடி உயர்த்திவிடுவது இங்கே எல்லோரும் சொல்கிற வைத்தியம். வெள்ளம் புகுகிற வீட்டுக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். மற்றபடி எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுவரின் அடிப்பகுதி இரு பக்கமும் மண்ணால் மூடப்பட்டு, கறை புதுத்தரைக்கு மேலே அதே உயரத்துக்கு மறுபடி வருகிறது. கூடவே நிலை குனிய வைக்கும், மின்விசிறி தலைக்கு அருகே வரும்.

காற்றும் பொருள்களும்

பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கிற ஈரமானி ஒன்றை வாங்கி, இருட்டான அறையில் மாட்டுங்கள். 65க்குக் கீழே இருந்தால் நிம்மதி. சுவரை ஒட்டிய காற்று 80ஐத் தாண்டியே நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். வறண்ட மாதங்களில் பிற்பகல் இரண்டிலிருந்து நாலு மணிவரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது திறந்துவைத்துக் காயப்போடுவது வீண். ஈரமுறிஞ்சும் இயந்திரம் வாங்கினால் அறையை மூடிவைத்து ஓட்டுங்கள். திறந்த வீட்டில் அது கெடாவின் காற்றையெல்லாம் காயவைக்க முயலும்.

கடைவீட்டின் நடுவே வானம் தெரிகிற திறந்த முற்றத்துக்குப் பிளாஸ்டிக் கூரை போட்டு மூடியவர்கள் நிறையப் பேர். மழைச்சாரல் நின்றது, வீட்டின் காற்றோட்டமும் நின்றது. சாரல்தான் தொல்லை என்றால் கூரையை இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் போக விடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் ஏர்கானைக் குளிர வைத்துப் பொதுச்சுவர் சில்லிட்டால் உங்கள் பக்கம் வியர்க்கும். அந்த ஈரத்துக்கு மண்ணைத் தோண்டிப் பயனில்லை; அவரிடம் இரண்டு டிகிரி ஏற்றச் சொல்ல வேண்டும்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காலுக்கு அடியில் கட்டை வைத்து நிறுத்துங்கள். பூஞ்சையைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள். முகமூடி போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிளீச் என்றால் நாலு லிட்டருக்கு ஒரு கப். கழிவறை ஆசிடோடு அது சேரவே கூடாது, நச்சுவாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடட்டும். ஈரச்சுவரிலுள்ள மின்செருகிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மேலே மாற்றுங்கள். கசிவு மின்துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்.

பிறப்புப் பத்திரம், தாத்தாவின் பழைய அடையாள அட்டை, தோட்டத்து வேலைச் சீட்டு போன்றவை கீழறைப் பீரோவில் இருக்கவே கூடாது. நம் மக்களில் எத்தனையோ பேர் குடியுரிமைக்கு அலைந்தது இந்தத் தாள்கள் இல்லாமல்தான். மாடியிலோ உறவினர் வீட்டிலோ காற்றுப் புகாத டப்பாவில், நகல்கள் வேறிடத்தில். சாமி அறையில் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய புகைப்படங்களைப் பிய்த்தெடுக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடித்து நகல் எடுங்கள்.

குத்தகைக்காரரிடம்

விலைப்பட்டியலில் வடிகால், சுவர் உரிப்பு, பூச்சு மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். முதல் வேலைக்கும் மூன்றாம் வேலைக்கும் நடுவே ஒரு மழைக்காலம் போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம். சுவரில் என்ன பூசுகிறார் என்று மூட்டையின் பெயரையே எழுதி வாங்குங்கள். “சுண்ணாம்பு” என்று சொல்லிச் சிமெண்டில் கொஞ்சம் சுண்ணாம்பு தூவுகிற பழக்கம் உண்டு. மூடப்போகும் குழாயையும் சல்லியையும் மூடுவதற்கு முன் படம் எடுங்கள். கடைசித் தவணையை அக்டோபர் மழை முடிந்து, சுவரிலுள்ள பென்சில் கோட்டை இருவரும் சேர்ந்து பார்த்த பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல குத்தகைக்காரர் கொஞ்சம் முனகுவார், ஆனாலும் கையெழுத்துப் போடுவார்.